எண்ணெய்ச் சட்டி ஏறாத வீடு

என் மகள் உருளைக்கிழங்கை முதலில் காதால் சாப்பிடுவாள். வறுத்த துண்டை எடுத்து, காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இரண்டாக ஒடிப்பாள். சத்தம் வந்தால் வாய்க்குப் போகும். வளைந்துகொடுத்தால் தட்டோடு சுவருக்குப் போகும்.

பேச்சு வராத பெண். இப்போது பதினொரு வயது. திருச்சியில் ஒரு டாக்டர் ஆட்டிசம் என்று சொன்னார். அந்தச் சொல்லை எங்கள் ஊரில் யாருக்கும் விளங்க வைக்க முடிந்ததில்லை, நானும் சொல்வதை விட்டுவிட்டேன். சின்னதில் தயிர்ச்சோறு, இட்லி, முட்டை எல்லாம் தின்றவள்தான். ஒவ்வொன்றாகக் கைவிட்டாள். ஒருநாள் இட்லியில் உளுந்துத் தோல் ஒன்று கறுப்பாகக் கிடந்தது. அன்றோடு இட்லி போயிற்று, இன்றுவரை திரும்பவில்லை. முட்டை எதனால் போனதென்று யாருக்கும் தெரியாது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாகக் கடைசியில் பாலும் மொறுமொறுவென்று வறுத்த உருளைக்கிழங்கும்தான் மிஞ்சின. அதிலும் கிழங்கை என் கையால் கொடுத்தால்தான் வாங்குவாள்.

“பசிச்சா தானாத் திம்பா” என்று எனக்குச் சொல்லாத ஆள் கிடையாது. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பது மற்றப் பிள்ளைகளுக்கு. இவளுக்குப் பசி வந்தால் பசி மட்டும்தான் வரும், வேறொன்றும் பறக்காது. சொன்னவர்கள் பேச்சைக் கேட்டு ஒருதரம் செய்தும் பார்த்தோம். மறுநாள் சாயங்காலம் புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு யாராவது யோசனை சொல்ல வாயைத் திறந்தால் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். திமிர் பிடித்தவள் என்று எனக்குப் பேர் வந்தது அப்படித்தான்.

வறுப்பது பெரிய வித்தை இல்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் கெட்டுப்போக இடமிருக்கிற வேலை. கிழங்கு பழையதாக இருக்க வேண்டும். புதுக் கிழங்கில் நீர் அதிகம், எவ்வளவு வறுத்தாலும் உள்ளே பிசுபிசுக்கும். ஃபிரிட்ஜில் வைத்தது ஒருமாதிரி இனித்துப்போய் எண்ணெயில் போட்டதும் கறுத்துவிடும். கீரனூர்ச் சந்தையில் நான் ஒவ்வொரு கிழங்கையும் அழுத்திப் பார்ப்பதைக் கண்டு கடைக்காரர், “மாப்பிள்ளையாம்மா பாக்குற?” என்று கேட்டிருக்கிறார். தோலைச் சீவி, விரல் கனத்துக்கு ஒரே அளவாக நறுக்கித் தண்ணீரில் போட வேண்டும். மாவு இறங்கித் தண்ணீர் வெளுக்கும். அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர், அதையும் கொட்டிவிட்டு வேறு, தெளிந்து நிற்கிறவரைக்கும். பிறகு கொதிக்கிற உப்புத் தண்ணீரில் அரை வேக்காடு. எடுத்துப் பழைய வேட்டியில் பரப்பி, ஈரம் என்பதே இல்லாமல் உலர்த்த வேண்டும். அப்புறம் கடலை எண்ணெயில் நிதானமான தீயில் ஒருதடவை, நிறம் மாறாமல். எடுத்து ஆறவிட்டு, எண்ணெயை நன்றாகக் காயவைத்து இன்னொரு தடவை. இந்த இரண்டாவது தடவையில்தான் மொறுமொறுப்பு வருகிறது. எண்ணெய் முதலில் பெருமழை மாதிரிச் சத்தம் போடும், போகப்போகத் தூறலாகும். தூறலும் நிற்கப் போகிற நேரத்தில் அள்ளிவிட வேண்டும். சூடு ஆறுவதற்குள் உப்பு.

இதை நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. என் வீட்டுக்காரர் ஒரு கல்லூரிக்குப் பஸ் ஓட்டுகிறார். லீவு நாளில், “நான் வேணாப் போட்டுப் பாக்கட்டா?” என்று அடுப்படிக்கு வருவார். “கெழங்கு வீணாப் போகும், அங்கிட்டுப் போங்க” என்று விரட்டுவேன். கெட்டுப்போன ஒரு தட்டு, இட்லியைப் போலக் கிழங்கையும் கொண்டுபோய்விடுமோ என்ற பயம் எனக்கு. அப்படிப் போய்விட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? ஆனால் பயம் அது ஒன்றுதான் என்றும் சொல்ல முடியாது. எனக்கு ஒன்று ஆகிவிட்டால் இவளுக்கு யார் என்ற நினைப்பு, கிழங்கு நறுக்கும்போதும் பஸ்ஸில் போகும்போதும் கூடவே இருக்கும். ஆனால் இருக்கிற ஒரே ஆளையும் அடுப்படியிலிருந்து விரட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

போன பங்குனியில், நார்த்தாமலைத் திருவிழா நெருங்கிய சமயம், எனக்குக் காய்ச்சல் கண்டது. மறுநாள் குளிக்கப் போனபோது நெஞ்சில் ஒரு முத்து, தோளில் இரண்டு. சாயங்காலத்துக்குள் முகமெல்லாம் பரவிவிட்டது. தெருக்கோடியில் இருக்கிற என் நாத்தனார், என் வீட்டுக்காரருக்கு அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், வந்து வாசற்படியிலேயே நின்று பார்த்தார். பார்த்ததும் கைகூப்பினார்.

“ஆத்தா வந்திருக்காம்மா. ஒண்ணும் பயப்படாத.”

பிறகு அவர் வேலை மளமளவென்று நடந்தது. வாசலில் வேப்பங்கொத்து. முன்னறையில் எனக்கு ஒரு பாய், பாயின் மேல் வேப்பிலை, குறுக்கே ஒரு பழைய சேலை மறைப்பு. என் மகளுக்கு மூன்று வயதிலேயே அம்மை வந்து போய்விட்டதால் அவளைத் தூர விலக்க வேண்டியதில்லை, அதுவே பெரிய ஆறுதல். கடைசியாக அண்ணி அடுப்படிக்குள் போனார். எண்ணெய்ச் சட்டியைக் கழுவித் துடைத்துப் பரணில் கவிழ்த்து வைக்கிற சத்தம் கேட்டது.

அம்மை கண்ட வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏறக் கூடாது. தாளிக்கிற வாசனைகூட வரக் கூடாது. ஆத்தா குளிர்ச்சி தேடி வந்திருக்கிறாள், எண்ணெய் கொதித்தால் அவள் கோபம் படுத்திருக்கிறவர்மேல் இறங்கும் என்பார்கள். மூன்று தண்ணீர் தலைக்கு ஊற்றி அவளை வழியனுப்புகிற வரைக்கும் கஞ்சி, மோர், இளநீர். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இதுதான் நடைமுறை. வேறு வீடாக இருந்தால் நானே போய் இதைச் சொல்லிவிட்டு வந்திருப்பேன்.

“பாப்பாவுக்கு என்ன அண்ணி பண்றது?” என்றேன்.

“பாலக் குடிக்கட்டும். மூணு தண்ணிதானம்மா. ஓடிப் போயிரும்.”

“பால மட்டும் குடிச்சுக்கிட்டு எத்தன நாளைக்கு இருப்பா?”

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவருடைய இடது கண்ணில் வெள்ளையாகப் பூ விழுந்திருக்கும். சிறுமியாக இருந்தபோது அவருக்கு அம்மை கண்டிருந்த நேரத்தில், வீட்டுக்கு வந்த யாரோ விருந்தாளிக்காக அப்பளம் பொரித்தார்களாம். அதனால் போன கண் என்று அவர் நம்புகிறார். அப்பளத்துக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று படித்த பிள்ளைகள் கேட்கலாம். அந்த முகத்துக்கு எதிரே படுத்துக்கொண்டு கேட்க எனக்கு நா எழவில்லை.

கீரனூர் டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். அம்மை வீடு என்று தெரிந்ததும் கல்லூரியில் என் வீட்டுக்காரரைக் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே அவர் வீட்டில் இருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் நடையிலும் வாசலிலுமாக அலைந்தார்.

முதல் நாள் என் மகள் பால் குடித்தாள். மத்தியானம் அண்ணி கிழங்கை அவித்து, மசித்து, உப்புப் போட்டு எடுத்துவந்தார். அது சுவருக்குப் போயிற்று. சாயங்காலம் அவள் அடுப்படியில் போய் நின்றுகொண்டு, லைட்டரை எடுத்து அடுப்புக்கு நேராகப் பிடித்து டிக் டிக்கென்று அழுத்திக்கொண்டே இருந்தாள். கேஸ் திறக்கவில்லை, அவளுக்கு அது தெரியாது. எனக்கு மேலெல்லாம் எரிந்தது. அந்தச் சத்தம் அதைவிட எரிந்தது.

மறுநாள் என் வீட்டுக்காரர் கீரனூர் பேக்கரியில் சிப்ஸ் பாக்கெட் வாங்கிவந்தார். காரம் தூவியது, மெல்லியது. ஒன்றை எடுத்து மோந்துவிட்டுப் போட்டாள். புதுக்கோட்டை வரைக்கும் போய் ஓட்டலில் நீளநீளமாக வறுத்ததை வாங்கிவந்தார். அது வந்து சேருவதற்குள் தொய்ந்துவிட்டது. இவள் அதைக் காதருகே பிடித்து ஒடித்தாள். ஒடியாமல் வளைந்தது. தட்டை எறியாமல், தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள். அவளுக்குத் தாங்க முடியாதபோது செய்கிற காரியம் அது.

கொஞ்ச நேரத்தில் சேலை மறைப்பு விலகியது. ஒரு கையில் தோல் சீவுகிற கத்தி, இன்னொரு கையில் ஒரு கிழங்கு. வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கிழங்கை என் நெஞ்சின் மேல் வைத்தாள், கத்தியை அதற்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு என் கையைப் பிடித்துத் தூக்கி அந்தக் கிழங்கின் மேல் கொண்டுவந்து வைத்தாள். கொப்புளம் உடைந்து வலித்தது. நான் அழுதேன். அவளுக்கு அழுகை புரியாது. என் கை வேலை செய்யாமல் கிடப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, அந்தச் சட்டிய எறக்குங்க” என்றேன் மறைப்புக்கு இந்தப் பக்கமிருந்து. “நான் இங்கிருந்தே சொல்றேன். நீங்க வறுத்துக் குடுங்க.”

“அக்கா என்ன சொன்னுச்சுன்னு கேட்டேல்ல?”

“கேட்டேன். எனக்கு வந்தா வரட்டும்.”

“ஒனக்கு வந்தா வரட்டுமா?” அவர் குரல் உயர்ந்தது. அவர் சத்தம் போட்டு நான் அதிகம் கேட்டதில்லை. “ஒனக்கு ஒண்ணுன்னா இவள வச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன்? எனக்கு என்ன தெரியும் இவளப் பத்தி? ஒரு கெழங்கு வறுக்க விட்டிருக்கியா நீ?”

எனக்கிருந்த அதே பயம்தான் அவருக்கும் இருந்திருக்கிறது. அதை நினைத்துத்தான் அவர் சட்டியை இறக்க மறுத்தார், அதையே நினைத்துத்தான் நான் இறக்கச் சொன்னேன்.

“அதத்தான் இப்ப பழகிக்கங்கன்னு சொல்றேன்” என்றேன்.

வழி சொன்னது அண்ணிதான். இதையெல்லாம் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். “வீட்டுல பொரிக்கக் கூடாதுன்னுதான்டா சொன்னேன். காட்டுல பொரிச்சா அது வீட்டுக் கணக்குல வராது. மோட்டார் கொட்டகையில போய் வறுத்துக்கிட்டு, தலைக்கு ஊத்திட்டு வீட்டுக்குள்ள வா. அம்புட்டுத் தூரத்துக்கு ஆத்தா மூக்க நீட்டிக்கிட்டு வரமாட்டா.”

எங்களுக்கு ஊருக்கு வெளியே கடலை போடுகிற கொஞ்சம் நிலம் உண்டு. அங்கே போர் மோட்டாருக்கு ஒரு சின்னக் கொட்டகை. அவளையும் அங்கே கூட்டிப் போனால் சூட்டோடு கொடுக்கலாம். ஆனால் நான் பின்னால் உட்காராமல் அவள் பைக்கில் ஏறமாட்டாள். அதனால் அங்கே வறுத்து இங்கே கொண்டுவருவது என்று முடிவாயிற்று. மூடி போட்ட டப்பாவில் வைத்தால் ஆவி பிடித்து நமுத்துவிடும், ஆகவே முறத்தில் பரப்பிக் கொண்டுவரச் சொன்னேன்.

அடுத்த நாள் விடியுமுன் எழுந்து என் வீட்டுக்காரரே கிழங்கைச் சீவி நறுக்கினார். தண்ணீரில் போட்டு ஊறவைத்தார். நான் படுத்தபடியே, “தண்ணிய மாத்துங்க, இன்னொரு தடவ மாத்துங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மாற்றுகிற சத்தம் கேட்டது. அரை வேக்காடும் நான் சொன்னபடி. வேட்டியில் உலர்த்தி, சின்ன சிலிண்டரையும் அடுப்பையும் சட்டியையும் கட்டிக்கொண்டு போனார். அங்கிருந்து போன் செய்து ஸ்பீக்கரில் போட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

காதுக்குள்ளும் கொப்புளம் இருந்தது எனக்கு. போனைத் தள்ளிப் பிடித்து எண்ணெய்ச் சத்தத்தைக் கேட்டேன். முதல் தடவை சரியாக இருந்தது. இரண்டாவதில் அவசரப்பட்டார்.

“இன்னும் இருக்கு, அள்ளாதீங்க.”

“செவந்துரும் போல இருக்கே.”

“செவக்காது. சத்தம் இன்னும் அடங்கல.”

“இந்தச் சட்டி ஒரு பக்கம் சாஞ்சிருக்கு, அதான்...”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றேன். காய்ச்சலிலும் எனக்கு வாய் குறையவில்லை. அவர் சிரித்தார். கொஞ்ச நாளாக எங்களில் யாரும் சிரித்திருக்கவில்லை.

முறத்தில் வந்த வறுவலைப் பார்த்தபோது எனக்குக் கண் நிறைந்தது. பொன்னிறம், ஒரே சீர். ஒன்றை ஒடித்தேன். நான் செய்வதில் என்ன சத்தம் வருமோ அதே சத்தம். நுனியைக் கடித்துப் பார்த்தேன், கசந்தது. ஆனால் காய்ச்சல் வந்ததிலிருந்து எனக்கு இளநீரும் கசந்தது, கஞ்சியும் கசந்தது. நாக்குதான் செத்துக் கிடக்கிறது என்று நினைத்தேன். எப்போதும் கொடுக்கிற எவர்சில்வர் தட்டில் எடுத்து வைத்து, மறைப்பை விலக்கி, என் கையால் அவளுக்கு நீட்டினேன். அவர் கொடுத்தால் வாங்க மாட்டாள் என்று நான்தான் சொன்னேன்.

எடுத்தாள். காதருகே ஒடித்தாள். அவள் முகம் தெளிந்தது, நான் பார்த்தேன். வாயில் போட்டு நன்றாக மென்றாள், பசி அப்படி. பிறகு நிறுத்தினாள். வாயைத் திறந்து அப்படியே வழியவிட்டாள். என்னைப் பார்த்தாள். மனிதர்கள் முகத்தை நேராகப் பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அன்றைக்குப் பார்த்தாள். என் முகத்தில் நல்ல இடமே இல்லாமல் முத்தாக இருந்தது. எழுந்து ஓடி உள்ளறைக் கதவுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டாள்.

என் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். “கசக்குதே” என்றார்.

அண்ணி ஒன்றை எடுத்துக் கடித்தார். “எந்தத் தண்ணியில ஊறப் போட்ட?”

“வாசல்ல அண்டாவுல இருந்துச்சே.”

அது என் தலைக்கு ஊற்றுவதற்காக முந்தின நாளே அண்ணி வேப்பிலையை உருவிப் போட்டு வைத்திருந்த தண்ணீர். மஞ்சள் ஊற்றுகிற நேரத்தில்தான் கலப்பார், அதனால் நிறத்திலும் தெரியவில்லை. பங்குனியில் எங்கள் வாசல் வேம்பு இலை உதிர்த்துக்கொண்டே இருக்கும், திறந்து கிடக்கிற எந்தப் பாத்திரத்திலும் நாலு இலை மிதக்கும். இருட்டில் அவர் மேலே மிதந்த இலையை ஒதுக்கிவிட்டு மொண்டிருக்கிறார். நான் தண்ணீரை மாற்று, மாற்று என்று சொல்லச் சொல்ல, அந்த அண்டாவிலிருந்தே மாற்றிக்கொண்டிருந்தார்.

யாரைத் திட்டுவது? திட்ட ஆளைத் தேடினேன் என்பது உண்மை. அவரையும் மனதுக்குள் திட்டினேன், அண்ணியையும் திட்டினேன், ஆத்தாளைக்கூட விடவில்லை. கசக்கிறது என்று தெரிந்தும் நாக்கின் மேல் பழியைப் போட்டுவிட்டு நீட்டிய என் கையைத் திட்ட மட்டும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அவள் மறைப்புப் பக்கமே வரவில்லை. லைட்டரைத் தொடவில்லை. அண்ணி கொடுத்தால் பாலில் பாதி குடித்தாள், அடுத்த வேளை அதிலும் பாதி. இட்லி எப்படிப் போயிற்று என்பது எனக்கு ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. இனிமேல் கிழங்கும் கிடையாது என்றால், பால் மட்டும்தான் என்றால், அதுவும் ஒருநாள் திரிந்து போனால்? என் மேல் ஊறின அரிப்பும் எரிச்சலும் மறந்துபோயின. உள்ளறையில் அவள் அசைகிற சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே கிடந்தேன். கீரனூர் டாக்டர் போனில், இன்னும் ஒருநாள் பார்த்துவிட்டு அட்மிட் பண்ணிவிடலாம் என்றார்.

மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே நிலத்துக்குப் போனார். எதிர்த்துக் கையைக் காலை உதைக்க அவளுக்குத் தெம்பில்லை. அண்ணி கிழங்குப் பையோடு பின்னால் போனார். எனக்குச் சொல்லிவிட்டுப் போகவில்லை, அம்மை வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது.

வெகுநேரம் கழித்துப் போன் வந்தது. அண்ணிதான்.

“பேசாத. சும்மாக் கேளு.”

மோட்டார்த் தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தம் முதலில் கேட்டது. அதற்கு அடியில் எண்ணெய்ச் சத்தம். தூறலாகி, நிற்கப் போகிற நேரம் வந்துவிட்டது. “அள்ளுங்க” என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சட்டியில் கரண்டி உரசுவது கேட்டது. அவரே அள்ளிவிட்டார்.

அண்ணி தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே வந்தார். “இவன் அவளுக்கு நீட்டல. தானே திங்கிறான். அவ தண்ணியில காலப் போட்டுக்கிட்டு இருக்கா. இப்பத் திரும்பிப் பாக்குறா. இவன் இன்னொண்ணு எடுத்து ஒடிக்கிறான். பாக்குறா. வாராம்மா. வந்துட்டா. தட்டுல கைய விட்டுட்டா.” பிறகு ஒன்று ஒடிகிற சத்தம் போனிலேயே கேட்டது. “திங்கிறாம்மா” என்றார்.

நான் வேப்பிலை மேல் புரண்டு படுத்து, வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். சந்தோஷம் மட்டும்தான் என்று அன்றைக்கு நம்பவும் செய்தேன்.

மூன்று தண்ணீரும் ஊற்றி முடிந்தது. பால் பொங்கி, வீடு கழுவி, வேப்பங்கொத்தை எடுத்தாயிற்று. பரணில் சட்டியில்லை, அது இன்னும் மோட்டார் கொட்டகையில்தான் இருந்தது. அன்றைக்கே கீரனூருக்குப் போய்ப் புதுச் சட்டி ஒன்று வாங்கிவந்தேன். பழைய கிழங்காகப் பார்த்துப் பொறுக்கினேன். குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் ஊறவைத்தேன், வாயில் ஊற்றிச் சுவைத்துப் பார்த்த பிறகு. என் வாழ்நாளில் அவ்வளவு நிதானமாக நான் வறுத்ததில்லை. வேறொரு புதுத் தட்டில் வைத்தேன். தழும்புகள் தெரியாமலிருக்க முகத்துக்கு மஞ்சளும் பவுடரும் போட்டுக்கொண்டேன், இதை யாரிடமும் சொன்னதில்லை.

அவள் வந்தாள். ஒன்றை எடுத்துக் காதருகே ஒடித்தாள். அருமையான சத்தம். ஒடித்த இரண்டு துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தட்டில் வைத்தாள். எறியவில்லை, அழவில்லை. எழுந்து வாசலுக்குப் போய், பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் இல்லாமல் பைக்கில் ஏறமாட்டாத பெண், தானே ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தாள்.

அவர் என்னைப் பார்த்தார். என் பொருளை எடுத்துவிட்டு மாட்டிக்கொண்டவர் மாதிரி நின்றார்.

“இன்னொரு தடவ குடுத்துப் பாரு” என்றார். “இல்ல, நீயும் வா. மூணு பேருமாப் போவோம்.”

“வேணாம். நான் வந்தாத் திங்கமாட்டா.”

“அப்படிச் சொல்லாத. கொஞ்ச நாள்ல சரியாப் போயிரும்.”

அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. அவர் விடியுமுன் ஒருதரம் அவளைக் கூட்டிப்போய் வறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் பஸ்ஸை எடுக்கப் போகிறார். சாயங்காலம் வந்ததும் மறுபடி. வீட்டு அடுப்பில் அவர் வறுத்தாலும் அவள் தொடுவதில்லை, கொட்டகையில்தான். நறுக்குவதையும் ஊறவைப்பதையும் உலர்த்துவதையும் நான் செய்து பையில் போட்டுக் கொடுக்கிறேன். அவர் வறுப்பது என் வறுவலைவிட நன்றாக வருகிறது என்று அண்ணி சொன்னார். ஆறுதலுக்காகத்தான் சொன்னார், ஆறுதலாக இல்லை.

என் மகள் சாப்பிடுகிறாள், உடம்பு தேறியிருக்கிறது. கோயிலுக்குப் போனால் கும்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு ஒன்று ஆகிவிட்டால் இவளுக்கு யார் என்று கிடந்து தவித்தேனே, அந்தத் தவிப்பு இப்போது இல்லை.

ஆனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லையே. இங்கேதானே இருக்கிறேன்.